அடைப்பு இல்லை, ஆனாலும் அது இதய நோய்தான்

கேள்வி: நான் விருதுநகர் மாவட்டத்தில் பள்ளி ஆசிரியை. சென்ற மாதம் என் அப்பா உறக்கத்திலேயே மாரடைப்பில் இறந்துவிட்டார். அன்றிரவு நெஞ்சு கரிக்கிறது என்றாராம். வாயு என்று நினைத்து அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார். அதையே சொல்லிச் சொல்லி அழுகிறார். மூன்றாம் நாள், அண்ணன் அஸ்தியைக் கரைத்துவிட்டு வீடு திரும்பிய நேரத்தில், 67 வயதான அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மாரடைப்பு என்று சொல்லி ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். ரத்தக் குழாயில் அடைப்பே இல்லை. டிஸ்சார்ஜ் தாளில் 'டகோட்சுபோ' என்று எழுதியிருக்கிறது. "துக்கத்தில் இதயம் உடைந்துவிட்டது, சரியாகிவிடும்" என்றார் மருத்துவர். அடைப்பு இல்லையென்றால் எல்லாம் மனசுதான், மாத்திரை எதற்கு என்கிறார் அண்ணன். அம்மாவோ, "துடிப்பை அடக்குகிற மாத்திரையாம். உங்கள் அப்பா என் நெஞ்சுக்குள்தான் இருக்கிறார். அதை அடக்கினால் அவரும் போய்விடுவார்" என்று மாத்திரையைத் தொட மறுக்கிறார். துக்கம் உண்மையிலேயே இதயத்தில்தான் இருக்கிறதா? எல்லா நாட்டு மக்களும் ஏன் அப்படியே சொல்லிவந்திருக்கிறார்கள்? அம்மாவிடம் நான் என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அண்ணனுக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அவசரம் அங்கேதான் இருக்கிறது.

டிஸ்சார்ஜ் தாளை எடுத்து அவர் முன்னால் வையுங்கள். ட்ரோபோனின் என்று ஒரு வரி இருக்கும். இதயத் தசை காயப்படும்போது ரத்தத்தில் கசியும் புரதம் அது. வெறும் அழுகைக்கும் ஏக்கத்துக்கும் அந்த எண் ஏறாது. தசைக்குச் சேதம் வேண்டும். அதற்குக் கீழே எக்கோ அறிக்கையில் 'இஎஃப்' என்று ஒரு சதவீதம். இடது கீழறையில் நிறைந்திருக்கும் ரத்தத்தில் எத்தனை பங்கை ஒரு துடிப்பு வெளியே தள்ளுகிறது என்கிற கணக்கு. சாதாரணமாக 55-க்கு மேல் இருக்கும். இந்த நோய் வந்தவர்களுக்கு 40, 35 என்று இறங்கியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எல்லாம் மனசுதான் என்றால் இந்த இரண்டு எண்களுக்கும் அண்ணன் பதில் சொல்லட்டும்.

அம்மாவுக்கு நடந்தது என்ன என்று விளக்க எனக்கு ஒரு பாத்திரம் போதும். பனையேறிகள் பதநீர் இறக்கும் கலயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாய் குறுகல், அடி உருண்டை. அன்று எக்கோ திரையில் அம்மாவின் இதயம் ஏறக்குறைய அப்படித்தான் தெரிந்திருக்கும். இடது கீழறையின் மேற்பகுதி வேகவேகமாகச் சுருங்கி விரியும். நுனிப் பகுதியோ எதுவும் நடக்காததுபோல் உப்பிக்கொண்டு சும்மா நிற்கும். பாதித் தசை வேலை செய்கிறது, பாதி மரத்துப்போயிருக்கிறது. ஜப்பானியர்களுக்கு நினைவு வந்தது வேறு பானை. ஆக்டோபஸ் பிடிப்பதற்காகக் கயிறு கட்டிக் கடலடியில் இறக்கும் மண்பானைக்கு அங்கே டகோட்சுபோ என்று பெயர். ஹிரோஷிமாவில் ஹிகாரு சாட்டோவும் அவருடன் பணியாற்றிய மருத்துவர்களும் 1990-ல் இந்த நோயை விவரித்தபோது அந்தப் பானையின் பெயரையே வைத்தார்கள். நம் ஊரில் கண்டுபிடித்திருந்தால் கலய நோய் என்று எழுதியிருப்போம்.

அந்த நுனி ஏன் மரத்துப்போகிறது? அதிர்ச்சியான செய்தி மூளையில் இறங்கிய மறுகணம் நரம்புகளும் சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பிகளும் அட்ரினலினையும் அதன் உறவு ரசாயனங்களையும் கொட்டுகின்றன. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் இப்படிப்பட்ட 19 நோயாளிகளை ஆராய்ந்து 2005-ல் எழுதினார்கள். பெரிய மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் இருப்பதைப்போல் இரண்டு மூன்று மடங்கு அட்ரினலின் வகைகள் இவர்களுடைய ரத்தத்தில் இருந்தன. சாதாரண மனிதரோடு ஒப்பிட்டால் 7 முதல் 34 மடங்கு. அந்த வெள்ளத்தைத் தாங்க முடியாமல்தான் தசை மரத்துப்போகிறது. இடது கீழறையின் நுனியில் அட்ரினலினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் அதிகம் இருப்பதால் அடி அங்கே பலமாக விழுகிறது என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். நோய் வருபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அதிலும் பெரும்பாலோர் மாதவிடாய் நின்றவர்கள். சாவு, நிலநடுக்கம், வழக்கில் தோல்வி என எது வேண்டுமானாலும் தூண்டலாம். கடுமையான ஆஸ்துமாவும் அறுவை சிகிச்சையும்கூடத் தூண்டியிருக்கின்றன. உணர்ச்சி அதிர்ச்சியால் இந்த நோய் வந்த 485 பேரின் விவரங்களை ஒரு பன்னாட்டுப் பதிவேட்டிலிருந்து எடுத்து 2016-ல் அலசியபோது, அவர்களில் 20 பேருக்கு அது மகிழ்ச்சியான செய்தியால் வந்திருந்தது. சந்தோஷத்தில் நெஞ்சு வெடித்துவிடும் என்று நம் பாட்டிமார் சொன்னதை நான் இப்போதெல்லாம் கேலி செய்வதில்லை.

நம் இலக்கியத்துக்கு இது புதுச் செய்தியும் அல்ல. தவறான தீர்ப்புச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்த கணத்தில் பாண்டியன் அரியணையிலேயே உயிர் விட்டான். அவன் அடியைத் தொழுது கோப்பெருந்தேவியும் வீழ்ந்தாள். இதை இளங்கோவின் கற்பனை என்று ஒதுக்கினாலும், தொல்காப்பியத்தில் ஒரு துறைப்பெயர் இருக்கிறதே. கணவன் சாவோடு மனைவியும் சேர்ந்து முடிந்ததைக் கண்டு வழிப்போக்கர்கள் வியந்து பேசுவதற்கு மூதானந்தம் என்று பெயர். ஒரு நிகழ்ச்சிக்குத் தனிப் பெயர் வைத்து இலக்கணத்தில் ஏற்ற வேண்டுமானால், அது அங்கொன்றும் இங்கொன்றுமாகவாவது நடந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

உங்கள் அம்மாவுக்கு அந்த முடிவு நேரவில்லை. இந்த நோயில் முதல் சில நாட்கள் ஆபத்தானவை. அதைத் தாண்டிவிட்டால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில், அதிகம் போனால் இரண்டு மூன்று மாதங்களில், தசை பழையபடி சுருங்கத் தொடங்கிவிடுகிறது. இடையில் ஏன் இத்தனை மாத்திரை என்றால், அசையாத நுனியில் ரத்தம் தேங்கி உறைந்து கட்டியாகலாம். அது பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். பலவீனமான தசை ரத்தத்தைத் தள்ள முடியாமல் நுரையீரலில் நீர் கோக்கலாம். துடிப்பின் ஒழுங்கு கெடலாம். கை ஒடிந்தால் கூடிவிடும் என்று தெரிந்தும் மாவுக்கட்டுப் போடுகிறோம் அல்லவா?

இன்னொன்றையும் அண்ணன் மறக்காமல் கேட்க வேண்டும். அடுத்த முறை அம்மா நெஞ்சு வலி என்றால், "போன தடவையே அடைப்பு இல்லை, அப்பா நினைப்பு வந்திருக்கும்" என்று யாரும் வீட்டில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லக் கூடாது. டகோட்சுபோவையும் மாரடைப்பையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரிக்க எனக்கே தெரியாது. இசிஜியில்கூட இரண்டும் ஒன்றுபோல் வரும். 108-ஐ அழைத்துவிட்டுப் பிறகு பேசுங்கள்.

இதைச் சொல்ல எனக்கு உரிமை வந்த கதை கௌரவமானதல்ல. 1990-களின் தொடக்கத்தில் தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்தேன். லாரி மோதி இறந்த மகனின் உடலைப் பிணவறையில் அடையாளம் காட்டிவிட்டு வெளியே வந்த ஒரு தாய், வராந்தாவிலேயே சரிந்தார். இசிஜி மாரடைப்பு என்றது. கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றினோம். ஆஞ்சியோகிராம் அங்கே கிடையாது. நான்கு வாரம் கழித்து வந்தபோது இதயம் புத்தம் புதிதுபோல் இருந்தது. எங்கள் மருந்தின் சாமர்த்தியம் என்று மார்தட்டிக்கொண்டேன். கரைப்பதற்கு அந்த அம்மாளிடம் கட்டியே இருந்திருக்காது என்று எனக்கு உறைக்கப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

இனி உங்கள் கேள்வி. துக்கம் இதயத்தில் இருக்கிறதா?

இருக்கிறது என்று உலகம் வெகு காலம் நம்பியது. அதற்கு முட்டாள்தனம் காரணமல்ல. பண்டைய எகிப்தில் பிணத்தைப் பதப்படுத்துகிறவர்கள் மூளையை மூக்குத் துவாரம் வழியாகக் கொக்கி போட்டு எடுத்து வீசிவிடுவார்கள். ஈரலையும் குடலையும் எடுத்து ஜாடிகளில் போடுவார்கள். இதயத்தை மட்டும் உடம்புக்குள்ளேயே விட்டுவைப்பார்கள். மறுஉலகில் அதைத் தராசில் வைத்து, எதிர்த்தட்டில் உண்மைக்கும் நீதிக்கும் உரிய மாஅத் தேவதையின் இறகை வைத்து நிறுப்பார்களாம். 3,200 ஆண்டுகளுக்கு முந்திய அனி என்பவரின் பாப்பிரஸ் சுருளில் இந்தக் காட்சி இருக்கிறது; இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. இதயம் கனத்துப்போனால் தின்றுவிடுவதற்கு முதலைத் தலை கொண்ட ஒரு மிருகம் பக்கத்தில் காத்திருக்கும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது பிணத்தின் மார்பில் வைக்கும் கல் வண்டு. அதன் அடிப்புறத்தில், என் இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே என்று மன்றாடும் மந்திரத்தைப் பொறித்திருப்பார்கள். தன் நெஞ்சே தன்னைச் சுடும் என்று வள்ளுவர் சொன்னதும் அதே சாட்சியைப் பற்றித்தான். நைல் கரையிலும் நம் பக்கத்திலும் ஒருவரையொருவர் பார்க்காமலே இதயத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள். உங்கள் அம்மாவும் இப்போது அந்தச் சாட்சியிடம்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார். அதற்குப் பிறகு வருகிறேன்.

அரிஸ்டாட்டில் அடைகாக்கும் முட்டைகளை நாள்தோறும் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தார். கருவில் முதலில் உயிர்ப்போடு தெரிந்தது துள்ளும் ஒரு ரத்தப் புள்ளி. எல்லாம் தொடங்குவது இங்கேதான், அறிவும் இங்கேதான் என்று முடிவு கட்டினார். மூளை அவருக்கு உடம்பின் சூட்டைத் தணிக்கும் சாதனம். நம் சுஸ்ருதர் இதயத்தைத் தலைகீழாகத் தொங்கும் தாமரை மொட்டு என்றார். விழித்திருக்கையில் மலரும், உறங்குகையில் கூம்பும். சீன மொழியில் இதயத்துக்கும் மனத்துக்கும் எழுத்தே ஒன்று. மூளை தன் வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறது. பயந்தாலும் காதலித்தாலும் மண்டைக்குள் ஒன்றும் துள்ளுவதில்லை. துள்ளுவது இங்கே, இடது மார்புக்குள். கையை வைத்தால் தெரிகிற இடத்தில் மனத்தைக் குடிவைத்தார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

தமிழில் நெஞ்சு என்றால் மார்புக்கூட்டையும் சொல்லலாம், மனத்தையும் சொல்லலாம். குறளில் நெஞ்சோடு பேசுவதற்கு ஓர் அதிகாரம், நெஞ்சோடு ஊடல் கொள்வதற்கு இன்னோர் அதிகாரம். ஆனால் நாம் எல்லாவற்றையும் நெஞ்சில் கொட்டிவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். திகிலுக்குக் குலை நடுங்குகிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குப் பெற்ற வயிறு எரிகிறது. பரீட்சை முடிவு வரும் காலையில் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. அட்ரினலின் ஏறும்போது குடலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது, இரைப்பையின் அசைவு மாறுகிறது. புளியைக் கரைப்பது என்பதைவிடத் துல்லியமான ஒரு வருணனையை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை.

இரண்டாம் நூற்றாண்டு ரோமில் கேலன் என்ற மருத்துவர் இருந்தார். குரலுக்கான நரம்பை அறுத்ததும் கத்திக்கொண்டிருந்த பன்றி சட்டென்று ஊமையாவதைப் பொதுமக்கள் முன்னால் காட்டி, உடலை ஆள்வது மூளை என்று வாதாடியவர். அவரிடம் தூக்கமில்லை என்று ஒரு பெண்மணியைக் காட்டினார்கள். கேள்விகளுக்கு அவர் சரியாகப் பதிலே சொல்லவில்லை. கேலன் மணிக்கட்டைப் பிடித்திருந்த நேரத்தில் யாரோ உள்ளே வந்து, அரங்கில் பிலாடிஸ் ஆடுவதைப் பார்த்தேன் என்றார். நாடி தாறுமாறாக ஓடியது. மறுநாள் கேலன் ஏற்பாடு செய்து, மார்ஃபஸ் என்ற வேறு ஆட்டக்காரர் பெயரைச் சொல்ல வைத்தார். நாடி அசையவில்லை. மூன்றாம் நாளும் இப்படியே. நான்காம் நாள் மறுபடி பிலாடிஸ் பெயரைச் சொன்னதும் நாடி தடுமாறியது. நோய் பிடிபட்டுவிட்டது: பிலாடிஸ்மீது காதல். மனம் மூளையில் இருக்கிறது என்று நிரூபித்த அதே மனிதர், அந்த மனத்தைப் படித்த இடம் மணிக்கட்டு. சகோதரி, உங்கள் கேள்விக்கு என் பதிலும் இதுதான். துக்கம் பிறப்பது இதயத்தில் இல்லை. ஆனால் வந்து விழுவது அங்கேதான். மனசுதானே என்னும் அண்ணன் இரண்டாம் பாதியை விட்டுவிட்டார். நெஞ்சுக்குள்தான் அவர் இருக்கிறார் என்னும் அம்மா முதல் பாதியை விட்டுவிட்டார்.

இப்போது ஓமத் தண்ணீருக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் அது ஒரே வரியில் வந்துபோகிறது. அம்மாவைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று நினைக்கிறேன்.

வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில மருத்துவரைப் பள்ளியில் நீங்களே பாடம் நடத்தியிருப்பீர்கள். இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்துக்கு மிகக் குறைவான அளவை வைத்துக் கணக்குப் போட்டாலும், அரை மணி நேரத்தில் அது உடம்பிலுள்ள மொத்த ரத்தத்தையும் தாண்டிவிடுகிறது; அப்படியானால் அதே ரத்தம்தான் சுற்றிச் சுற்றி வர வேண்டும் என்று 1628-ல் எழுதியவர். அந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிட முக்கியம் 1641-ல் நடந்தது. அயர்லாந்துப் பிரபு ஒருவரின் மகன் ஹ்யூ மாண்ட்கோமரி. பத்தொன்பது வயதை ஒட்டியிருக்கும். சிறுவனாக இருந்தபோது விழுந்ததில் இடப்பக்க விலா எலும்புகள் முறிந்து, சீழ் பிடித்து, ஆறிய பின்னும் மார்பில் பெரிய துவாரமாகவே நின்றுவிட்டது. அதன்மேல் ஒரு தகட்டை வைத்து மூடிக்கொண்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்தான். கேள்விப்பட்ட மன்னர் முதலாம் சார்லஸ், போய்ப் பார்த்து வாருங்கள் என்று ஹார்வியை அனுப்பினார். ஹார்வி தகட்டை விலக்கிவிட்டு விரல்களை உள்ளே விட்டார். சதைத் துண்டுபோல் ஏதோ முன்னும் பின்னும் அசைந்தது. மற்றவர்கள் அதை நுரையீரல் என்றே நினைத்திருந்தார்கள். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை மணிக்கட்டில் வைத்தபோது இரண்டு துடிப்பும் சேர்ந்து வந்தன. உயிரோடிருக்கும் மனிதனின் இதயத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று புரிந்தது. பையனை மன்னரிடமே அழைத்துப் போனார். மன்னரும் தொட்டுப் பார்த்தார். அந்தப் பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணால் பார்த்தாலோ வெளித்தோலில் கை பட்டாலோ தவிர, தன் இதயத்தை ஒருவர் தொடுகிறார் என்பதே அவனுக்கு உறைக்கவில்லை.

உலகத்து உணர்ச்சி எல்லாம் குடியிருப்பதாக நாம் சொன்ன உறுப்புக்குத் தொடு உணர்ச்சியே இல்லை. ரத்தம் கிடைக்காமல் தவிக்கும்போதுதான் அது வாயைத் திறக்கிறது. அப்போதும் தன் குரலில் பேசுவதில்லை. இதயத்திலிருந்து வரும் நரம்புகள் தண்டுவடத்தில் நுழையும் அதே மட்டங்களில்தான் மார்பின் தோலுக்கும் கைக்கும் உரிய நரம்புகளும் நுழைகின்றன. வலி எங்கிருந்து வந்தது என்று மூளைக்குக் குழப்பம். எனவே இடது கையில் வலிக்கிறது, தாடையில் இழுக்கிறது, சிலருக்கு மேல் வயிற்றில் கரிக்கிறது. இதயத்தின் அடிப்பக்கச் சுவர் பாதிக்கப்பட்டால் குமட்டலும் ஏப்பமுமாகக்கூட வரும். என்னோடு படித்த ஒருவர், அவரும் இதய மருத்துவர், தன் மாரடைப்புக்கு அரை நாள் ஜெலுசில் குடித்துக்கொண்டு படுத்திருந்தார். பிழைத்துவிட்டதால் இன்றுவரை கேலி செய்கிறோம்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். "அன்று மருத்துவமனைக்குப் போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது" என்று பொய் ஆறுதல் சொல்ல வேண்டாம், நம்பவும் மாட்டார். போயிருந்தால் ஒரு வாய்ப்பு இருந்திருக்கலாம். ஆனால் அப்பாவின் இதயம் அன்றிரவு வயிற்றின் குரலில் பேசியது. அப்பாவே அதைக் கரிக்கிறது என்றுதான் சொன்னார், வலிக்கிறது என்று சொல்லவில்லை. கரிப்புக்கு ஓமத் தண்ணீர் கொடுத்தது கவனிப்பு. அலட்சியம் என்றால் திரும்பிப் படுத்திருப்பார். முடிந்தால் இதைச் சிகிச்சை அளித்த மருத்துவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். வீட்டார் சொல்வதைவிட வெள்ளைச் சட்டைக்காரர் சொன்னால் அந்தத் தலைமுறைக்கு ஏறும். தூக்கமின்மை, சாப்பிட மறுப்பது, தன்னையே சபிப்பது எல்லாம் வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரையும் பாருங்கள். அதற்கும் அண்ணன் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

மாத்திரைக்கு வருகிறேன். அப்பா போய்விடுவார் என்னும் பயத்தைக் கேட்டு யாராவது சிரித்திருந்தால் அவர்களுக்கு ஒரு கதை சொல்லுங்கள். 1982 டிசம்பர் 2 அன்று, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில், பார்னி கிளார்க் என்ற ஓய்வுபெற்ற பல் மருத்துவரின் இதயத்தின் கீழறைகளை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் செயற்கை இதயத்தைப் பொருத்தினார்கள். அவருடைய மனைவி ஊனா லாய் மருத்துவர்களிடம் கேட்டது இதுதான்: "அவரால் இன்னமும் என்னை நேசிக்க முடியுமா?" உலகத்தின் மிக நவீனமான அறுவை அரங்கின் வாசலில், பல் மருத்துவரின் மனைவி கேட்ட கேள்வி. உங்கள் அம்மா தனியாள் இல்லை.

1967-ல் கேப்டவுனில் தொடங்கி, இந்தியாவில் முதல் வெற்றியை 1994-ல் டெல்லியில் கண்டு, இன்று சென்னையிலும் வழக்கமாகிவிட்ட இதய மாற்று அறுவை அதற்குப் பதில் வைத்திருக்கிறது. மாற்றும்போது இதயத்துக்கு வரும் நரம்புகள் அத்தனையும் அறுபடுகின்றன. புதிய இதயம் யாருடைய உத்தரவும் இல்லாமல் தன் சொந்தத் தாளத்தில் துடிக்கிறது, நிமிடத்துக்கு 90, 100 என்று சற்று விரைவாகவே. இதயம் மாற்றிக்கொண்டவர்கள் திடுக்கிட்டால் நம்மைப்போல் உடனே படபடக்காது. ரத்தத்தில் அட்ரினலின் கலந்து வந்து சேர்ந்த பிறகுதான் துடிப்பு மெதுவாக ஏறும். எனக்குத் தெரிந்த ஒருவர், யாரோ முகம் தெரியாத ஒருவரின் இதயத்தோடு வாழ்பவர், தன் தகப்பனார் இறந்த செய்தியை என் அறையில் உட்கார்ந்தபடி ஃபோனில் கேட்டார். கண்ணீர் உடனே வந்துவிட்டது. நான் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி இன்னும் செய்தி வராததுபோல் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. சில நிமிடம் கழித்துத்தான் ஓட ஆரம்பித்தது. தந்தையை நினைத்து அழுத மனிதர் பழைய மனிதர்தான். இதயத்துக்குச் சேதி போய்ச் சேரத்தான் தாமதம்.

அம்மாவுக்கு எழுதிக் கொடுத்திருப்பது பீட்டா தடுப்பு வகை மாத்திரையாக இருக்க வேண்டும். அது நினைவைத் தொடுவதில்லை. அட்ரினலின் வந்து அடிக்கும்போது இதயத்துக்கும் அந்த அடிக்கும் நடுவே ஒரு தலையணையை வைக்கிறது, அவ்வளவுதான். அதைத் தொடர்வதா, எத்தனை நாள், எவ்வளவு என்பதெல்லாம் அவரைப் பார்க்கும் மருத்துவரின் முடிவு. ஆஸ்துமா இருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். சாப்பிடத் தொடங்கிய பிறகு தானாகத் திடீரென்று நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது. சாப்பிடாமல் விட்ட நாட்களை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். நாளைக்கே போய்ச் சொல்லுங்கள்.

அம்மா சிவன் கோயிலுக்குப் போகிறவராக இருந்தால், உடம்பு தேறியபின் ஒருமுறை சென்னைக்கு அருகே திருநின்றவூருக்கு அழைத்துப் போங்கள். பூசலார் கதை அவருக்குத் தெரிந்திருக்கும். கையில் காசில்லாமல், கல்லும் மரமும் எல்லாவற்றையும் மனத்திலேயே சேர்த்து ஒரு கோயிலைக் கட்டினார். காஞ்சியில் கற்கோயில் கட்டிய பல்லவ மன்னன் தன் குடமுழுக்கு நாளைத் தள்ளிவைத்துவிட்டு அதைத் தேடி வந்தான். சேக்கிழார் அதை மனத்தில் கட்டிய கோயில் என்கிறார். ஊரில் இன்று இருக்கும் கோயிலின் சுவாமிக்குப் பெயர் இருதயாலீஸ்வரர். இதய நோயாளிகள் வந்து வேண்டிக்கொள்கிறார்கள். இதய மருத்துவர் கோயிலுக்குப் போகச் சொல்கிறாரா என்று அண்ணன் கேட்பார். மாத்திரையைப் போட்டுவிட்டுப் போகச் சொல்கிறேன்.

அடுத்த எக்கோ எப்போது என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரத்தில் எடுப்போம். எடுப்பவரிடம் கெஞ்சியாவது திரையை அம்மா பக்கம் கொஞ்சம் திருப்பச் சொல்லுங்கள். உப்பி நின்ற நுனி மறுபடி சுருங்குவதை அவரே பார்க்கட்டும். அதுவரை மாத்திரைக்கு நேரம் தவறாமல் இருக்க ஒரு வழி: காலையில் அப்பாவின் படத்துக்குப் பூ வைப்பார் அல்லவா, மாத்திரை அட்டையை அந்த அலமாரியிலேயே, பூக்கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.